பிள்ளை பெற்ற பின் ஏறும் இரத்த அழுத்தமும் வலிப்பும்: சிங்கப்பூரில் நம் குடும்பங்கள் கேட்கும் கேள்விகள்

இதைப் பிள்ளை பெற்றவளைவிட அவளைச் சுற்றி இருப்பவர்கள் படிப்பது முக்கியம்: கணவர், அம்மா, மாமியார், வீட்டில் இருக்கும் பணிப்பெண். ஆபத்து வரும் நேரத்தில் அவள் தானே எழுந்து உதவி தேடும் நிலையில் இருக்கமாட்டாள். பிரசவ வார்டில் தாதியாக இருந்தபோதும் அதற்குப் பிறகும் என்னிடம் வந்த கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். இவை மருத்துவரைப் பார்ப்பதற்கு மாற்று ஆகாது. எப்போது ஓட வேண்டும் என்று தெரிந்துகொள்ள உதவும்.

பிள்ளைதான் பிறந்துவிட்டதே, இனிமேல் என்ன பிரஷர்?

அதிகம் வரும் கேள்வி இதுதான்.

கர்ப்பத்தில் 20 வாரத்துக்குப் பிறகு இரத்த அழுத்தம் ஏறி, சிறுநீரில் புரதம் போவது, ஈரல், சிறுநீரகம், மூளை போன்ற உறுப்புகள் பாதிக்கப்படுவது இவற்றை ப்ரீஎக்லாம்ப்சியா என்கிறார்கள். அதன் தொடர்ச்சியாக வலிப்பு வந்தால் எக்லாம்ப்சியா. இதற்கு மூலகாரணம் நஞ்சுக்கொடியில் இருக்கிறது. அதிலிருந்து தாயின் இரத்தத்தில் கலக்கும் சில பொருட்கள் இரத்தக் குழாய்களின் உட்சுவரைக் கெடுக்கின்றன. அதனால்தான் 'நஞ்சு விழுந்ததும் எல்லாம் சரியாகிவிடும்' என்று பலர் நினைக்கிறார்கள். சரியாக ஆரம்பிக்கும், உண்மைதான். ஆனால் கெட்டுப்போன குழாய்கள் தேற நாட்கள் ஆகும், சிலருக்கு வாரங்கள் ஆகும்.

அதோடு இன்னொன்றும் நடக்கிறது. கர்ப்பத்தில் உடம்பில் தேங்கிய நீர், பிரசவத்துக்குப் பிறகு மெல்ல மெல்ல இரத்த ஓட்டத்துக்குத் திரும்புகிறது. இதனால் 3ஆம் நாளிலிருந்து 6ஆம் நாளுக்குள் இரத்த அழுத்தம் உச்சத்தைத் தொடுவது வழக்கம். இங்கே சுகப்பிரசவம் என்றால் ஓரிரு இரவிலும், சிசேரியன் என்றால் இரண்டு மூன்று இரவிலும் வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். ஆக, அழுத்தம் உச்சத்துக்கு ஏறும் நாட்களில் அவள் வீட்டில் இருக்கிறாள். வீட்டில் எல்லார் கண்ணும் பிள்ளை மேல்.

1992இல் பிரிட்டன் முழுவதும் எக்லாம்ப்சியா வந்த பெண்களைக் கணக்கெடுத்தபோது, அவர்களில் 44 சதவீதத்தினருக்குப் பிள்ளை பிறந்த பிறகே வலிப்பு வந்திருந்தது.

கர்ப்பத்தில் ஒரு தடவைகூட பிரஷர் ஏறவில்லை. அப்படியும் வருமா?

வரும். கடைசி மாதம்வரை எல்லா எண்ணும் சரியாக இருந்த பெண்ணுக்கும் பிரசவத்துக்குப் பிறகு முதன்முறையாக வரலாம். முதல் பிரசவம், இரட்டைப் பிள்ளை, 40 வயதுக்கு மேல், உடல் பருமன், சர்க்கரை, சிறுநீரகக் கோளாறு, ஏற்கெனவே பிரஷர், அம்மாவுக்கோ அக்கா தங்கைக்கோ இது வந்திருப்பது, இவையெல்லாம் வாய்ப்பைக் கூட்டும். இவற்றில் ஒன்றுமே இல்லாதவர்களுக்கும் வந்திருக்கிறது.

எத்தனை நாள்வரை கவனமாக இருக்க வேண்டும்?

ஆறு வாரம். பெரும்பாலும் முதல் பத்து நாளுக்குள் தலைகாட்டிவிடும்.

எதைப் பார்த்துச் சந்தேகப்பட வேண்டும்?

முதலில் தலைவலி. நெற்றியிலோ பின்மண்டையிலோ இடிப்பது போல வரும், பாரசெட்டமால் போட்டும் அடங்காது. அடுத்து கண். பார்வை மங்கும், கண்முன் மின்னல் வெட்டும், பூச்சி பறக்கும், சில சமயம் ஒரு பக்கம் தெரியாமலே போகும். பெண்கள் இதைக் கேட்டால்தான் சொல்கிறார்கள். 'கண்ணில் ஏதாவது வித்தியாசமாகத் தெரிகிறதா?' என்று கேட்டுப் பாருங்கள். "ஆமாம், காலையிலிருந்து போன் எழுத்தே சரியாகத் தெரியலை, தூக்கக் கலக்கம்னு நினைச்சேன்" என்று பதில் வரும்.

மூன்றாவது, மேல்வயிற்று வலி. விலா எலும்புக்குக் கீழே, வலது பக்கத்திலோ நடுவிலோ பிடித்து இழுக்கும், குமட்டலும் வாந்தியும் சேரலாம். நம் வீடுகளில் இதற்கு உடனே 'வாய்வு' என்று பெயர் வைத்து, பூண்டைச் சுட்டுக் கொடுத்துவிடுகிறோம். அந்த இடத்தில் வலிப்பது ஈரலாக இருக்கலாம். ப்ரீஎக்லாம்ப்சியாவில் ஈரல் வீங்கி, இரத்தத் தட்டணுக்கள் குறைந்து, சிவப்பணுக்கள் உடையும் ஒரு கடுமையான நிலை உண்டு. ஹெல்ப் சிண்ட்ரோம் என்பார்கள். அதைப் பூண்டு தீர்க்காது.

மூச்சு வாங்குவதும் உண்டு. குறிப்பாகப் படுத்தால் மூச்சு முட்டி, தலையணையை உயர்த்திக் கேட்டால் நுரையீரலில் நீர் கோத்திருக்கலாம். முகமும் கையும் திடீரென்று உப்புவது, பேச்சு குழறுவது, ஆள் தெளிவில்லாமல் பேசுவது, காரணமில்லாமல் பதறுவது, எல்லாமே இந்தக் கணக்கில் வரும். வீட்டில் யாராவது "அவ ஒரு மாதிரியா இருக்கா" என்று சொன்னால் அதைத் தள்ளிவிடாதீர்கள். அவளைத் தினமும் பார்க்கிறவர்களுக்கு மாற்றம் முதலில் தெரியும்.

இவற்றில் ஒன்று இருந்தாலே போதும், எல்லாம் சேர்ந்து வர வேண்டும் என்பதில்லை.

கால் வீங்கியிருக்கிறதே?

முதல் வாரத்தில் கணுக்கால் வீக்கம் சகஜம், மெல்ல வடியும். முகம் உப்பினால் பிரஷர் பாருங்கள். ஒரு காலில் மட்டும் வீக்கமும் வலியும் என்றால் அது இரத்தக் கட்டியாக இருக்கலாம். அதற்கும் அன்றே மருத்துவரைப் பார்க்க வேண்டும், அந்தக் காலை எண்ணெய் போட்டு உருவக் கூடாது.

தூக்கமில்லை, அதனால் தலைவலி. முதுகில் ஊசி போட்டார்கள், அதனாலும் இருக்கலாம். இதற்கெல்லாம் மருத்துவமனைக்கு ஓட முடியுமா?

நியாயமான கேள்விதான். முதுகில் போட்ட ஊசியால் வரும் தலைவலி, உட்கார்ந்தால் அல்லது நின்றால் கூடும், மல்லாந்து படுத்தால் குறையும். பிரஷரால் வரும் வலி படுத்தாலும் விடாது. ஆனால் வீட்டில் இருந்துகொண்டு இதை நம்பி முடிவு செய்ய வேண்டாம். பிரசவத்துக்குப் பிறகு மூளையின் சிரைகளில் இரத்தம் உறைவதும் கடும் தலைவலியாகத்தான் தொடங்கும்.

ஆகவே வரிசை இதுதான்: தலைவலி என்றால் முதலில் பிரஷர் பாருங்கள். மெஷின் இல்லையென்றாலோ, பாரசெட்டமாலுக்கு அடங்கவில்லையென்றாலோ, 'இப்படி ஒரு வலி வந்ததே இல்லை' என்று அவள் சொன்னாலோ கிளம்புங்கள்.

வீட்டில் பிரஷர் பார்ப்பது எப்படி? எந்த எண் ஆபத்து?

மேற்கையில் பட்டை சுற்றும் மெஷின் வாங்குங்கள். மணிக்கட்டில் கட்டுவது அத்தனை நம்பகமில்லை. கை பருமனாக இருந்தால் பெரிய அளவுப் பட்டை வேண்டும். சின்னப் பட்டையை இறுக்கிக் கட்டினால் எண் கூடுதலாகக் காட்டும்.

பிள்ளை அழும்போதோ, பால் கொடுத்துக்கொண்டோ பார்க்காதீர்கள். பிள்ளையை யாராவது வாங்கிக்கொள்ளட்டும். அவள் ஐந்து நிமிடம் முதுகைச் சாய்த்து, பாதம் தரையில் படும்படி, கால்மேல் கால் போடாமல் உட்காரட்டும். நைட்டியின் கையை மேலே சுருட்டி இறுக்கிவிடாமல், வெறும் கையில் பட்டை சுற்ற வேண்டும். கை மேசைமேல், நெஞ்சு மட்டத்தில். மெஷின் ஓடும்போது பேச்சு வேண்டாம். வரும் எண்ணை தேதி, நேரத்தோடு எழுதி வையுங்கள், அல்லது திரையைப் போனில் படம் எடுத்து வையுங்கள்.

மேல் எண் 140க்குக் கீழும் கீழ் எண் 90க்குக் கீழும் இருந்து, தொந்தரவு ஒன்றும் இல்லை என்றால் சரி. மேலே 140 அல்லது கீழே 90 தொட்டுவிட்டால், இரண்டில் ஏதாவது ஒன்று தொட்டாலும், அன்றைக்கே பிரசவம் பார்த்த மருத்துவமனைக்கோ மருத்துவருக்கோ போன் செய்யுங்கள். மேலே 160 அல்லது கீழே 110 என்றால் 15 நிமிடத்துக்குள் மறுபடி ஒரு தடவை பாருங்கள். அப்போதும் அப்படியே இருந்தால் உடம்புக்கு ஒன்றுமே தெரியாவிட்டாலும் அவசரச் சிகிச்சைப் பிரிவுதான். அந்த உயரத்தில் மூளையில் இரத்தக் கசிவு ஏற்படும் ஆபத்து உண்டு. மருத்துவமனைகள் ஒரு மணி நேரத்துக்குள் மருந்து தொடங்கப் பார்ப்பதும் அதனால்தான். மேலே சொன்ன அறிகுறிகள் இருந்தால் எண்ணுக்காகக் காத்திருக்க வேண்டாம்.

மெஷின் வாங்க முடியவில்லை. எங்கே பார்க்கலாம்?

இங்கே ஒரு நல்ல வழி ஏற்கெனவே இருக்கிறது, நாம் பயன்படுத்துவதில்லை. பிறந்த குழந்தையின் மஞ்சள் காமாலையைப் பார்க்க முதல் வாரத்திலேயே பலதுறை மருந்தகத்துக்குக் கொண்டுபோகிறோம் இல்லையா? அந்த நாட்கள்தான் தாயின் இரத்த அழுத்தம் உச்சத்தில் இருக்கும் நாட்கள். ஆனால் பத்தியத்தில் இருப்பவள் வெளியே வரக்கூடாது என்று பாட்டியும் அப்பாவும் மட்டும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போகிறார்கள். அவளையும் காதை மூடி, சால்வை போர்த்தி அழைத்துப் போங்கள். அங்கே தாதியிடம், "இவளுக்கும் பிரஷர் பாருங்கள், பிரசவமாகி நாலு நாள்தான் ஆகிறது" என்று கேளுங்கள். பக்கத்துக் குடும்ப மருத்துவரிடமும் பார்க்கலாம். ஆறாவது வாரப் பரிசோதனைவரை ஒத்திப்போட வேண்டாம், அதற்குள் ஆபத்தான காலம் கடந்துவிட்டிருக்கும்.

ராத்திரி இரண்டு மணிக்குத் தலைவலி கூடிவிட்டது. எங்கே போவது?

பிரசவம் பார்த்த மருத்துவமனைக்குப் போவது நல்லது, அவர்களிடம் எல்லாப் பதிவும் இருக்கும். கேகே மகளிர், சிறார் மருத்துவமனையில் பெண்களுக்கான அவசரப் பிரிவு 24 மணி நேரமும் திறந்திருக்கும். தூரம் என்றால் அருகில் உள்ள பெரிய மருத்துவமனையின் அவசரப் பிரிவு.

அங்கே சொல்லும் முதல் வாக்கியம் இதுவாக இருக்கட்டும்: "பிள்ளை பெற்று ஐந்து நாள் ஆகிறது, தலைவலி, பிரஷர் இவ்வளவு." வயிறு இறங்கிவிட்ட பெண்ணைப் பார்த்தால் பிரசவித்தவள் என்று யாருக்கும் தோன்றாது. வெறும் 'தலைவலி' என்றால் காத்திருப்பு வரிசையில் உட்காரவைத்துவிடலாம். மருத்துவமனை கொடுத்த டிஸ்சார்ஜ் தாளையும் கையில் எடுத்துக்கொள்ளுங்கள்.

வலிப்பு வந்துவிட்டது. அந்த நிமிடம் என்ன செய்வது?

முதலில் வலிப்பு எப்படி இருக்கும் என்று சொல்கிறேன், தெரியாதவர்கள் பேய் அடித்தது போல நின்றுவிடுகிறார்கள். பேசிக்கொண்டிருப்பவள் ஒரு பக்கம் வெறித்துப் பார்ப்பாள், முகம் கோணும். உடம்பு முழுவதும் கட்டைபோல விறைக்கும், மூச்சு நின்றதுபோல் உதடு நீலம் பாயும். பிறகு கையும் காலும் வெட்டி வெட்டி இழுக்கும். வாயில் நுரை வரலாம், நாக்கைக் கடித்து இரத்தம் வரலாம், சிறுநீர் போய்விடலாம். பெரும்பாலும் ஒன்றிரண்டு நிமிடத்தில் அடங்கும். பிறகு ஆழ்ந்த மயக்கம். விழித்தாலும் குழப்பத்தில் யாரையும் அடையாளம் தெரியாமல் இருக்கலாம்.

பிள்ளை அவள் மடியில் இருந்தால் முதலில் பிள்ளையை எடுங்கள். ஒருவர் ஆம்புலன்ஸுக்கு 995ஐ அழைக்கட்டும். இன்னொருவர் அவளைத் தரையிலோ படுக்கை நடுவிலோ கிடத்தி, ஒருக்களித்துத் திருப்பட்டும். இடப்பக்கமாக இருந்தால் நல்லது. அப்படிப் படுத்தால் எச்சிலும் வாந்தியும் வெளியே வழியும், மூச்சுக் குழாய்க்குள் போகாது. தலைக்கடியில் மடித்த துணி வையுங்கள், கழுத்தில் இறுக்கமாக எதுவும் இருந்தால் தளர்த்துங்கள், மேசை நாற்காலியை நகர்த்துங்கள். கையையும் காலையும் அழுத்திப் பிடிக்காதீர்கள், எலும்பு மூட்டு விலகும். கடிகாரத்தைப் பார்த்து ஆரம்பித்த நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். மருத்துவர்கள் அதைத்தான் முதலில் கேட்பார்கள்.

இழுப்பு நின்ற பிறகு மூச்சு வருகிறதா என்று பாருங்கள். மூச்சு இல்லையென்றால் போனை ஸ்பீக்கரில் போட்டு 995இல் சொல்லுங்கள், நெஞ்சை எப்படி அழுத்துவது என்று அவர்கள் வழிநடத்துவார்கள்.

கையில் இரும்போ சாவிக்கொத்தோ கொடுக்கலாமா? பல் கிட்டிவிட்டால் கரண்டி வைக்கலாமா?

வேண்டாம். வலிப்பு தானாக அடங்கும்போது கையில் சாவி இருந்ததால், சாவிதான் நிறுத்தியது என்று தலைமுறை தலைமுறையாக நம்பிவிட்டோம். சாவி தேடும் அந்த ஒரு நிமிடத்தில் அவளை ஒருக்களித்துப் படுக்கவைத்திருக்கலாம். கரண்டி பல்லை உடைக்கும், உடைந்த பல் தொண்டைக்குள் போகும். தண்ணீர், சோடா, அரைத்த மருந்து எதையும் வாயில் ஊற்றக் கூடாது. 'ஜன்னி' என்று சொல்லி மருந்து அரைக்கும் பாட்டிக்குப் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் வேலையைக் கொடுங்கள். அவர் கைக்கும் ஒரு வேலை வேண்டும், அந்த நேரத்தில் அது பெரிய உதவி.

அம்மா ஊரிலிருந்து வந்திருக்கிறார், பகலில் அவரும் அவளும்தான். அவரால் என்ன செய்ய முடியும்?

எல்லாம் செய்ய முடியும், முன்கூட்டியே சொல்லிக்கொடுத்தால். தமிழ்நாட்டில் ஆம்புலன்ஸ் என்றால் 108 என்றுதான் அவருக்குப் பழக்கம். இங்கே 995. பெரிய எழுத்தில் குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒட்டுங்கள். அதற்குக் கீழே ஆறு இலக்க அஞ்சல் குறியீடு, புளோக் எண், மாடி, வீட்டு எண் எல்லாவற்றையும் எழுதுங்கள். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) புளோக்குகளுக்குத் தனித்தனி அஞ்சல் குறியீடு இருப்பதால், அந்த எண்ணைச் சொன்னாலே வண்டி சரியான புளோக்குக்கு வந்துவிடும்.

ஆங்கிலம் வராவிட்டால் பயப்பட வேண்டாம். நாலு வார்த்தை பழக்கிவிடுங்கள்: 'பேபி பார்ன், மதர், ஃபிட்ஸ், கம்'. அப்புறம் வாசல் கதவையும் இரும்புக் கிரில்லையும் திறந்து வைத்துவிட்டு, எதிர்வீட்டுக் கதவைத் தட்டச் சொல்லுங்கள். எதிர்வீட்டார் சீனரோ மலாய்க்காரரோ, யாராக இருந்தாலும் ஓடி வருவார்கள். ஒருவர் கீழே மின்தூக்கி அருகே நின்று வழிகாட்டினால் நேரம் மிச்சமாகும். அம்மா வந்து இறங்கிய முதல் நாளே ஒரு முறை ஒத்திகை பார்த்துவிடுங்கள். பணிப்பெண்ணுக்கும் அப்படியே.

உண்மையான அவசரத்துக்கு 995 ஆம்புலன்ஸ் இலவசம். டாக்சியில் ஏற்றாதீர்கள். வழியில் மறுபடி இழுத்தால் பின்சீட்டில் ஒன்றும் செய்ய முடியாது.

வலிப்பு நின்று கண் விழித்துவிட்டாள், தெளிவாகப் பேசுகிறாள். காலையில் போகலாமா?

கூடாது. அடுத்த வலிப்பு எந்த நேரமும் வரலாம்.

மருத்துவமனையில் என்ன செய்வார்கள்?

நரம்பு வழியாக மெக்னீசியம் சல்ஃபேட் ஏற்றுவார்கள். வழக்கமாக முதலில் 4 கிராம் சில நிமிடங்களில், பிறகு மணிக்கு 1 கிராம் வீதம் 24 மணி நேரம். 2002இல் வெளியான மேக்பை ஆய்வு 33 நாடுகளில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட ப்ரீஎக்லாம்ப்சியா பெண்களிடம் இதைச் சோதித்தது. வலிப்பு வரும் ஆபத்தை அது பாதிக்கும் மேல் குறைத்தது.

மருந்து ஏறும்போது உடம்பெல்லாம் எரிகிறது என்று அவள் கதறலாம், முகம் சிவக்கும், குமட்டும். பார்க்கிற கணவருக்கு மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்று பயம் வரும். அந்தச் சூடு எதிர்பார்த்ததுதான். தாதி அடிக்கடி வந்து முழங்காலில் சின்னச் சுத்தியால் தட்டிப் பார்ப்பார், மூச்சை எண்ணுவார், சிறுநீரை அளப்பார். மருந்து அளவுமீறினால் முழங்கால் உதறல் முதலில் மறையும், அதற்காகத்தான் அந்தத் தட்டல். மாற்று மருந்தாகக் கால்சியம் தயாராக வைத்திருப்பார்கள். கூடவே பிரஷரை இறக்க லேபெட்டலால், நிஃபெடிபின் போன்றவை கொடுப்பார்கள். இரத்தப் பரிசோதனை உண்டு, தேவைப்பட்டால் தலைக்கு ஸ்கேன் உண்டு.

இந்த மருந்துகளோடு தாய்ப்பால் கொடுக்கலாமா?

லேபெட்டலால், நிஃபெடிபின், எனலாப்ரில் மூன்றும் பொதுவாகத் தாய்ப்பாலோடு ஒத்துப்போகும். குறைமாதக் குழந்தை என்றால் மட்டும் மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். பால் கொடுக்கிறோமே என்று பயந்து மாத்திரையைத் தானாக நிறுத்துவதுதான் நான் அதிகம் கவலைப்படும் விஷயம்.

பத்தியச் சாப்பாடு, லேகியம்?

பூண்டு, பால்சுறா, நாட்டுக்கோழி எல்லாம் தாராளமாக. உடம்பு தேற வேண்டும். கருவாட்டையும் ஊறுகாயையும் மட்டும் அளவோடு வையுங்கள், பிரஷர் இருக்கும்போது உப்பு கூடக் கூடாது. லேகியத்தில் அதிமதுரம் சேர்ப்பது வழக்கம். அதிமதுரம் அதிகமாகப் போனால் இரத்த அழுத்தத்தை ஏற்றும். பிரஷர் ஏறிய பெண்ணுக்கு அது வேண்டாம். கடையில் வாங்கும் ஜாமு என்னும் மலாய் மூலிகை மருந்திலும் மூலிகைப் பொட்டலத்திலும் என்ன இருக்கிறது என்று தெரியாவிட்டால் மருத்துவரிடம் காட்டிவிட்டுக் கொடுங்கள்.

தண்ணீரைக் குறைக்காதீர்கள். 'தண்ணி குடிச்சா வயிறு போடும்' என்று தாகத்தோடு படுக்கவைப்பது இரத்தம் உறையும் ஆபத்தைக் கூட்டும், பாலும் குறையும்.

வீட்டுக்கு வந்தும் அவளுக்கு ஒன்றும் நினைவில்லை, அழுதுகொண்டே இருக்கிறாள்.

வலிப்பு வந்த நாளும் அதையொட்டிய நாட்களும் மனதில் பதியாமல் போவது உண்டு. பிள்ளையின் முதல் நாட்களைத் தொலைத்துவிட்டோம் என்ற துக்கம் பெரியது. என்ன நடந்தது என்று பொறுமையாக, திரும்பத் திரும்பச் சொல்லுங்கள். அந்த நாட்களில் எடுத்த படங்களைக் காட்டுங்கள். "அதான் பிழைச்சிட்டியே" என்று வாயை அடைக்காதீர்கள். இரண்டு வாரத்துக்கு மேலும் தேறவில்லை என்றால், அல்லது தனக்கோ பிள்ளைக்கோ தீங்கு நேரும் எண்ணம் வந்தால், மருத்துவமனையில் மனநலப் பிரிவு உதவி கேளுங்கள். பார்த்துக்கொண்டிருந்த கணவருக்கும் அந்த உதவி தேவைப்படலாம்.

மாத்திரையை எப்போது நிறுத்துவது? அடுத்த பிள்ளை பெறலாமா?

பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் பிரஷர் இறங்கும், மருத்துவர் படிப்படியாகக் குறைப்பார். மூன்று மாதம் தாண்டியும் இறங்காவிட்டால் அது தனிப்பட்ட இரத்த அழுத்த நோயாக இருக்கலாம், பரிசோதிக்க வேண்டும். எனலாப்ரில் சாப்பிடுபவர்கள் கவனிக்க: அது அடுத்த கர்ப்பத்துக்கு ஆகாது, கரு தரிக்கும் முன் மாற்ற வேண்டும்.

அடுத்த பிள்ளை பெறலாம். ப்ரீஎக்லாம்ப்சியா மறுபடி வரும் வாய்ப்பு ஏறக்குறைய ஆறில் ஒன்று. கர்ப்பம் உறுதியானதும் முதல் வருகையிலேயே முன்கதையைச் சொன்னால், 16 வாரத்துக்கு முன்பே குறைந்த அளவு ஆஸ்பிரின் தொடங்குவார்கள், அது வாய்ப்பைக் குறைக்கிறது. நீங்களாக வாங்கிச் சாப்பிட வேண்டாம். அடுத்த பிள்ளை வேண்டாம் என்றாலும் ஆண்டுக்கு ஒரு தடவை பிரஷர், சர்க்கரை, கொழுப்பு பாருங்கள். ப்ரீஎக்லாம்ப்சியா வந்தவர்களுக்குப் பிற்காலத்தில் இதய நோயும் பக்கவாதமும் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடச் சுமார் இரண்டு மடங்கு. எந்த மருத்துவரைப் பார்த்தாலும், 50 வயதில் பார்த்தாலும், "பிரசவத்தில் எனக்கு இது வந்தது" என்று சொல்லுங்கள்.